முப்பதில் ஒன்று

மாஹே என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மலிவான சரக்கு, அப்படித்தானே! சரி, விடுங்க. அந்த மாஹேயும் எங்கள் புதுச்சேரி அரசின் கீழ்தான்.

எங்கள் சட்டசபைக்கு மக்கள் தேர்ந்தெடுப்பது 30 பேரை. புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5. கேரளத்துக்குள் இருந்துகொண்டு மலையாளம் பேசும் மாஹேக்கு 1. கோதாவரிக் கரையில் தெலுங்கு பேசும் ஏனாமுக்கு 1. வரைபடத்தில் தீவுகள் மாதிரி சிதறிக் கிடக்கும் இந்த நான்கையும் சேர்த்து வைத்தது, பிரெஞ்சுக்காரன் ஆண்டான் என்கிற ஒரே சங்கதிதான்.

பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு சரியாகத்தான் படுகிறது. ஆளுக்குத் தக்க சீட்டு. ஆனால், ஏனாம்காரர் தெலுங்கில் மனு எழுதலாமா கூடாதா என்பதை மற்ற 29 பேர் கை தூக்கி முடிவு செய்தால் நியாயமா, சொல்லுங்க? 1965-ம் வருட ஆட்சிமொழிச் சட்டம் தலையை மட்டும் எண்ணவில்லை. தமிழோடு, மாஹேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் வைத்தது.

1956-ல் பிரான்ஸோடு போட்ட ஒப்பந்தம், இந்தப் பகுதிகளின் நிலையை மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே என்கிறது. எந்த மக்கள்? நான்கு ஊர் ஓட்டையும் ஒரே பெட்டியில் கொட்டி எண்ணினால், மாஹே என்ன சொன்னது என்று யாருக்குத் தெரியும்? ஊருக்கு ஒரு பெட்டி வைக்கணும் என்பது என் கட்சி. பெரிய பெட்டிக்காரர்களான நாங்கள் அதற்குச் சம்மதிப்போமா, தெரியவில்லை.