தலைக்கட்டுக் கணக்கு

நொய்யலில் நீர் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லாத ஒரு சித்திரை மாதத்து மாலையில், பேரூர்ப் படித்துறையில், திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாணாக்கன் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினான்.

சீடன்: சுவாமி, என் தமையன் போர் போடும் ரிக் வண்டிக்குப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. ரிக் வண்டி ஒன்று, ராடுகளையும் அரிசி மூட்டையையும் அடுப்பையும் சுமந்து அதன் பின்னே போகும் லாரி ஒன்று. இவ்விரண்டும்தான் அவனுக்கு வாசஸ்தலம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாதம், ராஜஸ்தானத்தில் இரண்டு மாதம் என்று சஞ்சரிக்கிறான். போன தைப் பொங்கலுக்கு வந்தவன், வீட்டுக்குள் தூக்கம் பிடிக்காமல், நடுராத்திரியில் பாயை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். எங்கள் தாயார் விடியும்வரை அழுதார்கள். அவனுக்கு ஊர் எது என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

குரு: அந்த வண்டியின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது?

சீடன்: முதலாளியின் குலதெய்வத்தின் பெயர், அதன் கீழே திருச்செங்கோடு. எண் பலகையில் டி.என். 34.

குரு: அர்த்தநாரீசுவரர் மலையை ஜன்மத்தில் பார்த்திராத வடநாட்டுக் குடியானவன் ஒருவன், தன் வயலில் ஈரம் கண்ட அன்று அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்திருப்பான். அந்த மட்டில், கண்ணு, ஊரும் உன் தமையனோடு பிரயாணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

சீடன்: அது வண்டியின் ஊர், சுவாமி. வண்டியை விற்றால் வாங்கியவன் வேறு பெயர் எழுதிக்கொள்வான்.

குரு: நியாயமான ஆட்சேபம். சரி, எழுத்தைப் பற்றியே இன்னும் கொஞ்சம் பேசுவோம். இதே நொய்யலின் கரையில், இங்கிருந்து கிழக்கே, கொடுமணல் என்று ஒரு கிராமம் இருக்கிறது. மேலைக் கடற்கரையில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கருவூருக்குப் போன பெருவழி அது. கல்மணி கடைந்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும் அங்கே அகழ்ந்து கண்டெடுக்கப்பட்டன. அவற்றோடு தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர் கீறிய பானையோடுகளும் ஏராளமாகக் கிடைத்தன. தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே பிராகிருதப் பெயர்களும் இருக்கின்றன. எங்கிருந்தோ வந்த ஒருவன், தான் உண்ணும் கலத்தின் கழுத்தில் ஆணியால் தன் பெயரைக் கீறி வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். உன் தாயாரின் எவர்சில்வர் தூக்குப்போசியில் பெயர் வெட்டியிருக்கிறதல்லவா, அதே காரியம். இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கலம் இன்னாருடையது என்று நமக்குத் தெரிகிறது. அவனுடைய ஊர் எது என்பதுதான் தெரியவில்லை.

சீடன்: அப்படியானால் ஊர் அவசியமில்லை, பெயர் போதும் என்கிறீர்களா?

குரு: அவ்வளவு அவசரப்படாதே. உங்கள் குலதெய்வம் கோயில் எங்கே?

சீடன்: காங்கேயத்துப் பக்கம். காணி அங்கேதான் என்று பெயர். எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்திலேயே அங்கிருந்து குடிபெயர்ந்துவிட்டோம். ஒரு சென்ட் நிலம்கூட அங்கே எங்களுக்கு இல்லை.

குரு: நோன்பு சாட்டினால்?

சீடன்: தலைக்கட்டு வரி கேட்டு ஆள் வரும். தமையனுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து அவன் தனித் தலைக்கட்டு. அவன் ஊரில் இருக்கிறானா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. வரியை மட்டும் கேட்பார்கள்.

குரு: நான் வீட்டை விட்டுப் புறப்பட்ட புதிதில் அந்த வழக்கத்தை வெறும் வசூல் என்றே எண்ணி இகழ்ந்திருக்கிறேன். இப்போது அபிப்பிராயம் மாறிவிட்டது. ஒருவன் குடியிருக்கும் இடத்தைக் காட்டிலும், அவன் இல்லாதபோதும் அவனை ஓர் ஆளாக எண்ணிக் கணக்கில் வைத்துக்கொண்டு, அவன் பங்கு வந்து சேரவில்லையே என்று தேடுகிற இடம் எதுவோ, அதற்கே ஊர் என்னும் சொல் அதிகம் பொருந்துகிறது.

சீடன்: அந்தக் கணக்கு, உள்ளே இருப்பவனை எண்ணும்போதே வெளியே நிற்பவனைத் தள்ளியும் வைக்கிறதே! காந்திபுரம் பஸ் நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவரை எந்தக் கோயிலும் வரி கேட்டு வருவதில்லை.

குரு: நல்ல இடத்தில் பிடித்தாய். அவர்களைச் சர்க்கார் எண்ணிய விதம் வேறு. ஓரிடத்தில் தங்காதவன் எதையோ மறைக்கிறான் என்னும் சந்தேகத்தாலேயே, எத்தனையோ சாதியாரைப் பிறவிக் குற்றவாளிகளாக்கிய சட்டம் ஒன்று 1871-இல் வடக்கே பிறந்து, 1911-இல் மதராஸ் ராஜதானிக்கும் வந்து, தேசம் சுதந்திரம் பெற்றும் 1952 வரை முழுதாக ஒழியாமல் கிடந்தது. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். நிரந்தர விலாசம் எழுதும் கட்டத்தைப் பூர்த்தி செய்ய முடியாதவனுக்குச் சர்க்கார் கொடுத்த காத்திருப்பு அது.

சீடன்: அவர்களும் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பார்களோ?

குரு: வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி, குஜராத்திக்கு உறவான பாஷை. தனக்கென்று எழுத்து இல்லாதது. தமிழ் பேசியே பிழைக்க வேண்டிய இத்தனை தலைமுறைகளில் அதை அவர்கள் கைவிடவில்லை. குடும்பத்துக்கு ஒரு சாமி மூட்டை உண்டு. தெய்வத்துக்குரிய துணிகளை அதில் கட்டிப் பிறர் கைபடாமல் காப்பார்கள். உன் தெய்வம் காங்கேயத்தில் இருந்துகொண்டு ஆள் அனுப்புகிறது. அவர்கள் தெய்வம் மூட்டையில் ஏறிக் கூடவே வருகிறது. எருமை பலி கொடுக்கும் பிரிவா, ஆடு பலி கொடுக்கும் பிரிவா என்று சொன்னாலே ஒருவருக்கொருவர் முறை தெரிந்துபோகும். இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் கணக்கு ஸ்திரமாக இருக்கிறது.

சீடன்: துறவிக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லையே, சுவாமி?

குரு: இல்லை என்றுதான் முப்பது வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் காசியில், கேதார கட்டத்துப் படிகளில், எனக்குப் பின்னால் யாரோ யாரையோ, "ஏனுங்க, அந்தச் சொம்பை எடுங்க" என்றார்கள். ஜபத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

மாணாக்கன் சிரித்தான். குரு சிரிக்கவில்லை.

குரு: இந்த வருஷத்து வரியைத் தமையன் கொடுத்தானா?

சீடன்: நேற்று போனிலேயே அனுப்பிவிட்டான். எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டேன். ஊர்ப்பெயர் அவனுக்கு நினைவில்லை. பதினேழாவது ராடு இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் வெறும் புகைதான் வருகிறது என்று மட்டும் சொன்னான்.

குரு: ஒரு ராடு எத்தனை அடி?

சீடன்: இருபது, சுவாமி.