வழிக்கு விலை உண்டோ?

வழி என்பது நடப்பவனுக்கு உரியது என்னும் எண்ணம் மனித உள்ளத்தில் ஆழ வேரூன்றியது. வீட்டுக்கு உரிமையாளன் உண்டு. தோட்டத்துக்கு உரிமையாளன் உண்டு. ஊரோடு ஊரை இணைக்கும் வழிக்கு மட்டும் அப்படி ஒருவனைச் சுட்டிக்காட்ட மனம் ஒப்புவதில்லை. அவ்வழியின் குறுக்கே ஒரு கம்பம் இறங்கி நின்று, கட்டணம் செலுத்திய பின்னரே மேலே எழும் என்றால், அதை முதன்முறை காண்பவனுக்குச் சினம் எழுகிறது. பத்தாம் முறை அவன் சில்லறையைத் தேடுகிறான். நூறாம் முறை எதையும் எண்ணுவதில்லை. முதலில் எழுந்த அந்தச் சினத்தில் நியாயம் இருந்ததா, அன்றிப் பழக்கமின்மையால் வந்த வெறும் எரிச்சல்தானா? மலேசியாவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக 'டோல்' என்று மக்கள் நாவில் வழங்கிவரும் சாலைக் கட்டணத்தைப் பற்றி இக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது தகும்.

தமிழர்க்குச் சுங்கம் புதிய சொல் அன்று. காவிரிப்பூம்பட்டினத் துறையில் கடலிலிருந்து இறங்கும் பண்டங்களுக்கும் கடலுக்குச் செல்லும் பண்டங்களுக்கும் புலிச் சின்னம் பொறித்துச் சுங்கம் கொண்ட காவலரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வள்ளுவரும் உல்கு பொருளை வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாகவே வைத்தார், அதைப் பழித்தாரில்லை. எனினும் முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் பெயர் நிலைத்தது. சுங்கம் முறையானதே என்று ஒப்புக்கொண்ட சமுதாயம், அதை நீக்கியவனைக் கொண்டாடவும் செய்தது போலும்! ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. பட்டினப்பாலை கூறும் சுங்கம் பண்டத்தின்மேல் விழுந்தது. மிளகு மூட்டை ஆதாயத்தை நாடிச் செல்கிறது. அந்த ஆதாயத்தில் ஒரு பங்கு அரசுக்குப் போவதில் முரண் இல்லை. வேலைக்குச் செல்லும் மனிதன் மூட்டை அல்லன். அவன் நாடிச் செல்வது அன்றைய கூலி. அதை ஈட்டுவதற்கு முன்பே அதில் ஒரு பகுதி வழியிலே கழிந்துவிடுகிறது.

மலேசியாவில் இம்முறை 1966இல் தஞ்சோங் மாலிமுக்கும் சிலிம் ரிவருக்கும் இடையிலான சாலையில் தொடங்கிற்று. 1980இல் நெடுஞ்சாலை வாரியம் அமைந்தது. 1994 செப்டம்பர் 8ஆம் நாள், தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாம் முதல் ஜோகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. நிறுவனம் ஒன்று பொருள் திரட்டிச் சாலை அமைக்கும். குறித்த ஆண்டுகள் வரை கட்டணம் பெற்று முதலை மீட்கும். பின்பு சாலை நாட்டுக்குத் திரும்பும். இதுவே ஏற்பாடு. இதில் அறப்பிழை காண்பது எளிதன்று. கட்டணம் கொடுக்க இயலாதவனுக்கும் விரும்பாதவனுக்கும் ஈப்போ, தஞ்சோங் மாலிம், சிரம்பான் என்று ஊர்களை ஊடுருவிச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலை இன்றும் இருக்கிறது. அதில் கட்டணம் இல்லை. லாரிகளின் பின்னே ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கும், அவ்வளவே. விரைவை விரும்புகிறவன் விரைவுக்கு விலை கொடுக்கிறான். கொடாமல் இருக்கும் உரிமை அவனிடமே இருக்கிறது. மாற்று வழி என்று ஒன்று உள்ளவரையில் கட்டணம் ஒரு வாணிகம். அது இல்லாத இடத்தில் அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதாகிறது.

செராஸ் மக்களின் பட்டறிவு அத்தகையது. கோலாலம்பூரின் செராஸ் சாலையில் 1990 செப்டம்பரில் சாவடி இயங்கத் தொடங்கியபோது, அதுவரை விலையின்றிச் சென்ற அதே சாலைக்கு எவ்வாறு விலை வந்தது என்று மக்கள் திரண்டு கேட்டனர், வசூல் நிறுத்தப்பட்டது. ஆனால் செராசையும் காஜாங்கையும் இணைத்த பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலை பின்னர் அகலப்படுத்தப்பட்டு, 1999 முதல் கட்டண நெடுஞ்சாலையாகவே மாறிற்று. இங்கே நுண்ணிய ஒரு செய்தி உண்டு. மாற்று வழியாக இருந்திருக்க வேண்டிய பழைய சாலையே கட்டணச் சாலை ஆகிவிட்டது. 2008இல் பண்டார் மக்கோத்தா செராஸ் குடியிருப்பாளர்கள், தங்கள் குடியிருப்பிலிருந்து அந்நெடுஞ்சாலைக்குச் செல்லும் பாதையை மறித்திருந்த தடுப்பை இடித்தனர். அது மீண்டும் எழுப்பப்பட்டது, மீண்டும் இடிக்கப்பட்டது, காவல் துறையினரோடு கைகலப்பும் நேர்ந்தது. தடுப்பை இடித்தல் சட்டத்துக்குப் பொருந்துமா என்பது வழக்கறிஞர் பேச வேண்டியது. வீட்டு வாயிலிலிருந்து தெரியும் சாலைக்குச் சுற்றிக்கொண்டு போ என்று ஒருவனிடம் சொல்லும்போது அவன் உள்ளத்தில் எழுவது சட்டம் பற்றிய ஐயம் அன்று. தன் ஊரில் தன்னை ஒருவன் வேற்றூரான் ஆக்கிவிட்டான் என்னும் உணர்வே அது.

நாள்தோறும் சென்று வருபவனின் கணக்கு, எப்பொழுதேனும் பயணம் போகிறவனின் கணக்கைப் போன்றதன்று. டாமன்சாரா பூச்சோங் நெடுஞ்சாலையில் ஒரு சாவடியைக் கடக்கக் காருக்கு 1 வெள்ளியாக இருந்த கட்டணம் 2007இல் 1 வெள்ளி 60 காசாயிற்று. 2015 அக்டோபரில் 2 வெள்ளி 10 காசாயிற்று. ஒரே சாவடியைப் போக ஒருமுறை, வர ஒருமுறை, மாதத்தில் 25 நாள் கடப்பவனுக்கு அன்று 105 வெள்ளி செலவு. அப்போது தீபகற்ப மலேசியாவில் சட்டம் வகுத்திருந்த குறைந்தபட்ச மாத ஊதியம் 900 வெள்ளி. சாவடியோ ஊதியத்தைப் பார்ப்பதில்லை. அச்சையும் சக்கரத்தையும் எண்ணுகிறது. செல்வரின் சொகுசுக் காரும் எழுத்தரின் பழைய காரும் அதன் முன் ஒரே வகுப்பு. இதைச் சமத்துவம் என்று சொல்வாரும் உளர். பெருந்தீனிக்காரனுக்கும் குழந்தைக்கும் ஒரே அளவு சோறு வைப்பதும் அவ்வகைச் சமத்துவமே.

எதிர்த்தரப்பின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. சாவடியை நீக்கினால் செலவு மறைந்துவிடுமா? கட்டணம் நீக்கப்படும்போதும், ஒப்பந்தப்படி உயர வேண்டிய கட்டணம் நிறுத்திவைக்கப்படும்போதும், அரசு நிறுவனங்களுக்கு ஈடு கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஈடு எல்லோரும் செலுத்தும் வரியிலிருந்து வருகிறது. பெர்லிசில் நெல் விளைவிப்பவன் பூச்சோங் சாவடியைக் கண்டதே இல்லை. அவன் ஏன் அதற்குக் கொடுக்க வேண்டும்? 'பயன்படுத்துகிறவன் செலுத்தட்டும்' என்னும் கொள்கையின் வலிமை இதுதான். ஆனால் பயன்படுத்துகிறவன் யார் என்பதை அக்கொள்கை முழுமையாக ஆராய்வதில்லை. நெடுஞ்சாலை வருவதால் ஓரத்து நிலத்தின் விலை பன்மடங்கு ஏறுகிறது. வீடுகட்டி விற்பவர் ஆதாயம் காண்கிறார். ஆலை முதலாளிக்குத் தொழிலாளி நேரத்தில் வந்து சேர்கிறான். இவர்களுள் எவரும் சாவடியில் நிற்பதில்லை. அங்கே நிற்பவன் வண்டியோட்டி ஒருவனே; ஆதலின் அவன் மட்டுமே பயனாளியாகக் கண்ணுக்குத் தெரிகிறான்.

கடன் எப்போது தீரும் என்பதும் எளிய கேள்வி அன்று. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் கட்டணம் 2020 பிப்ரவரியில் 18 விழுக்காடு குறைக்கப்பட்டது, மக்கள் மகிழ்ந்தனர். அதனோடு, 2038இல் முடிய வேண்டிய வசூல் உரிமை 2058 வரை நீட்டிக்கப்பட்டது. நெடுஞ்சாலை திறக்கப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 64 ஆகியிருக்கும். தந்தை சுமந்த கடனை மகன் அடைப்பது குடும்பத்தில் உண்டு. அந்த மகனுக்குக் கடன் பத்திரத்தைக் காட்டவாவது செய்வார்கள்.

இவ்வழக்கின் கடினமான முடிச்சு பினாங்குப் பாலத்தில் இருந்தது. 1985இல் திறக்கப்பட்ட அப்பாலம் பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுடையது. தீவுக்குச் செல்லும்போது மட்டும் பிறைப் பகுதியில் கட்டணம் பெறப்பட்டது. நாட்டின் ஏனைய நெடுஞ்சாலைகள் பெரும்பாலானவற்றில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லாதிருக்க, இங்கே அதற்கும் 1 வெள்ளி 40 காசு இருந்தது. வாடகை குறைந்த பெருநிலப் பகுதியில் குடியிருந்துகொண்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் முறைமாற்று வேலை செய்வோர் இருள் பிரியுமுன் மழைச்சட்டையின் பொத்தானைக் கழற்றிக் காசு எடுத்தனர். 26 நாளுக்கு 36 வெள்ளி 40 காசு. பெருந்தொகை அன்று என்று சிலர் கூறினர். அத்தொகை பெரிதா சிறிதா என்பதைக் கொடுப்பவனே அறிவான். கடலுக்கு மாற்று வழி என்ன? படகிலும் கட்டணம் உண்டு. நீந்திச் செல்வதற்கு மட்டும் எவரும் கேட்கவில்லை! 2019 ஜனவரி 1 முதல் பினாங்கின் இரு பாலங்களிலும் ஜோகூரின் இரண்டாம் இணைப்புப் பாலத்திலும் மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது.

ஜோகூர் பாருவில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். 2014 ஆகஸ்ட் 1ஆம் நாள், நகரின் குடிநுழைவு வளாகத்தில் காருக்குக் கட்டணம் போக வரச் சேர்த்து 16 வெள்ளி 50 காசாக உயர்ந்தது. முன்பு அங்கே 2 வெள்ளி 90 காசே இருந்தது. கிழக்கு இணைப்பு நெடுஞ்சாலை ஒன்றின் செலவுக்காக இது என்றார்கள். ஆனால் அந்நெடுஞ்சாலையில் சக்கரம் பதிக்காமல் நகரச் சாலை வழியே சிங்கப்பூருக்குச் சென்றவரும் அதைக் கொடுக்க நேர்ந்தது. பயன்படுத்துகிறவன் செலுத்தட்டும் என்ற கொள்கை இங்கே தன் காலையே தான் வெட்டிக்கொண்டது. மோட்டார் சைக்கிளுக்கு அங்கே விலக்கு இருந்தது. 2018 ஜனவரி 1 முதல் அக்கட்டணம் கார்களுக்கும் நீங்கிற்று.

அவ்வாறாயின் மோட்டார் சைக்கிளோட்டியின் குறை தீர்ந்தது என்று கொள்ளலாமா? அவன் எங்கும் கொடுப்பதில்லை. சாவடியின் இடக்கோடியில் உள்ள குறுகிய சந்து வழியே நுழைந்து போய்விடுகிறான். கார்க்காரன் அவனைக் கண்டு சிறிது பொறாமைப்படுவதும் உண்டு. மாற்று வழி இல்லாத இடங்களில் ஏழைக்குக் கிடைத்த மாற்று வழி வேறொரு சாலை அன்று, வேறொரு வண்டி. குடும்பத்துக்கு ஒரு கார் வாங்கியவனும் பெட்ரோலையும் டோலையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் காரை வாயிலிலே நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறான். நாட்டின் சாலை விபத்துகளில் இறப்போருள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து செல்வோருமே. டோலினால் இவர்கள் இறக்கிறார்கள் என்று சொல்வது மிகை. ஆனால் கொடாமல் தப்பியவன் எதையும் கொடாமல் தப்பினான் என்று சொல்வதும் உண்மை ஆகாது.

அதனினும் ஆழமான ஒன்று உண்டு. சாவடி வந்த பிறகு சாலையில் செல்பவன் குடிமகனாக இருப்பதினும் பயனீட்டாளனாக இருப்பதே மிகுதி. விளக்கு எரியவில்லை என்றால், 'நான் காசு கொடுத்தேன்' என்று அவன் கேட்கிறான். அக்கேள்விக்கு மதிப்பு உண்டு. காசு கொடாதவன் எந்த முகத்தோடு கேட்பான்? கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனித்தடம் அமைத்தார்கள், நல்ல ஏற்பாடு. அத்தடத்தில் மழைநீர் தேங்கும்போதும், சுரங்கப்பாதையில் விளக்கு அணைந்திருக்கும்போதும், அதில் போகிறவன் முறையிடத் தயங்குகிறான். இனாமாகப் பெற்ற இடத்தில் குறை சொல்வது நன்றி கெட்ட செயல் என்று எவரோ அவனிடம் சொல்லாமலே சொல்லிவிட்டார்கள். அவனும் வரி செலுத்துகிறான். சாலையில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. விலக்கு என்பது அவனுடைய உரிமைக்கு அளிக்கப்பட்ட ஒப்புதலாக இராமல் அவனுக்கு இடப்பட்ட பிச்சையாக மாறும்போது, கட்டணத்தினும் அது கொடிதாகிறது.

தோட்டத்தில் வளர்ந்த முதியவர்களுக்கு இது விளங்காததன்று. தோட்டத்துச் செம்மண் சாலையில் எவரும் காசு கேட்டதில்லை. லயத்திலிருந்து பால் வெட்டப் போவோர் நாள்தோறும் அதில் நடந்தனர்; அந்தச் சாலையை வெட்டிச் சமன்செய்தவர்களும் அவர்களே. பொதுப்பணி இலாகாவில் வேலை செய்து மலாயாவின் பெருஞ்சாலைகளுக்குக் கல் உடைத்தவர்களிலும் தென்னிந்தியத் தொழிலாளர் மிகப் பலர். ஆயினும் தோட்டத்துச் சாலை துரையின் சாலை. அதில் நடப்பதற்கு விலை இல்லை. அதில் நிற்பதற்கு உரிமையும் இல்லை. தோட்டம் விற்கப்பட்ட அன்று அது வெளிப்பட்டது. அந்த நிலங்கள் பலவற்றின்மேல் இன்று நெடுஞ்சாலைகளும் வீடமைப்புத் திட்டங்களும் உள்ளன. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றின் ஓரமாக மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்கின்றனர்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் இருந்த சாவடிகளின் வசூல் 2018 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் கார்கள் இப்போது அவ்விடங்களில் நில்லாமல் கடக்கின்றன. மழை வலுக்கும்போது மோட்டார் சைக்கிளோட்டிகள் மட்டும் முன்போலவே மேம்பாலங்களின் கீழ் ஒருவரையொருவர் ஒட்டி நின்றுகொண்டு, கடிகாரத்தைப் பார்த்தவாறு காத்திருக்கின்றனர்.