அல்லேலூயா ஓயும் நாட்கள்

போன ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்து, மாதா சுரூபத்துக்குப் பின்னால் செருகிவைத்த ஓலை காய்ந்து சருகாகியிருக்கும். கோவிலில் திருப்பிக் கொடுக்கும் அந்த ஓலைகளை எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நம் நெற்றிக்கு வருகிறது. அன்றிலிருந்து கோவிலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. பீடத்தில் பூ அலங்காரம் இல்லை. நற்செய்திக்கு முன் அல்லேலூயா இல்லை. பாஸ்கா திருவிழிப்பு இரவில்தான் அது திரும்பி வரும். ஈஸ்டர்வரை ஞாயிறுகளைத் தள்ளி எண்ணினால் 40 நாள்.

இந்தத் தவக்காலத்தில் கறி, மீனை விடுகிறோம். நல்லதுதான். சத்தத்தை விடுவது அதைவிடக் கடினம் என்று எனக்குப் படுகிறது. விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, கால் மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் கடன், பள்ளிக் கட்டணம், நேற்றைய சண்டை என்று மனம் சந்தைக்கடையாகத்தான் இருக்கும். எழுந்துவிடாதீர்கள். உடனே ஜெபம் சொல்லியாக வேண்டும் என்றுகூட இல்லை. கொஞ்ச நேரத்தில், அந்தச் சண்டையில் நாம் வீசிய ஒரு சொல் மட்டும் மேலே வந்து நிற்கும். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.