தீங்கைக் குறைத்தல் பாவத்திற்குத் துணையாகுமா?

பாவத்தை இன்னும் விட்டு விலகாத ஒருவனை அப்பாவத்தின் வழியே வரும் நோயிலிருந்து காப்பது, பாவத்திற்கே துணைபோவதாகுமா? சென்ற ரமலானுக்குச் சில நாள் முன்னர் எங்கள் வேப்பம்பட்டில் பெரியவர் ஒருவர் இவ்வினாவை எம்மிடம் கொண்டு வந்தார். அவர் நான்கு லாரிகளுக்கு உரிமையாளர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் சரக்கேற்றக் காத்து நிற்கும் வண்டிகளிடையே எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர் சிலர் சென்று, ஓட்டுநர்களுக்கு ஆணுறைகளைக் கொடுத்து, இரத்தப் பரிசோதனைக்கும் அழைப்பதை அவர் கண்டிருக்கிறார். அவர்களோடு தம் தங்கை மகனும் நிற்கக் கண்டதே அவரை எம்மிடம் விரட்டியது.

“ஹராமுக்கு வழி பண்ணிக் கொடுக்குறாங்களே ஹஜ்ரத்! நம்ம புள்ளைங்க இதுக்கு ஒத்தாசை செய்யலாமா?”

கிதாபைத் திறந்து உடனே விடை சொல்லிவிடலாம். ஆனால் இந்த மஸ்அலாவில் எமக்கு ஒரு பழைய கடன் உண்டு. அதைச் சொல்லாமல் விடை சொல்லுதல் நேர்மையாகாது.

1990களின் பிற்பகுதியில், இளமை வேகத்தில், ஒரு ஜும்ஆவில் எய்ட்ஸைப் பற்றி நாம் பயான் செய்தோம். ஒழுக்கங்கெட்டோர்க்கு இறைவன் இறக்கிய தண்டனை இது என்றும், இந்நோயாளரை நெருங்காதிருப்பதே ஈமானுக்குப் பாதுகாப்பு என்றும் முழங்கினோம். பலர் கைகுலுக்கிப் பாராட்டினர். எம்மிடம் சிறுவயதில் ஓதியவர் ஒருவர் அன்று பின்வரிசையில் அமர்ந்திருந்தார். கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரி ஓட்டியவர். அந்த வாரம் பரிசோதனைக்குச் செல்ல எண்ணியிருந்தவர், அதன்பின் செல்லவே இல்லை. 2002இல் அவர் மௌத்தானார். காமாலை என்றே வீட்டார் சொல்லி வந்தனர். குளிப்பாட்டும் வேளையில்தான் உண்மை வெளிப்பட்டது. குளிப்பாட்ட வந்தோர் பின்வாங்கினர். எம்மிடம் கேட்டபோது, தண்ணீர் ஊற்றுதல் இயலாதவிடத்துத் தயம்மும் செய்விக்கலாம் என்ற சட்டத்தை எடுத்து வைத்தோம். சட்டம் சரியானதே. ஆனால் அங்கே இயலாமை எங்கிருந்தது? கையுறை அணிந்து குளிப்பாட்டினால் அச்சமில்லை என்பதை ஒரு மருத்துவரிடம் கேட்டறிய அரைமணி நேரம் போதுமே! எம்முடைய அச்சத்திற்கு நாம் ஃபிக்ஹின் ஆடையைப் போர்த்தினோம்.

அவருடைய தாயார் திரைக்குப் பின்னிருந்து சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது: “எம் புள்ள மேல ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படலியே ஹஜ்ரத்.”

அன்று பரிசோதனைக்குப் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்றால், ஐயந்தான். இந்திய அரசு எச்.ஐ.வி.க்குரிய கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் முதல் நாளில்தான். தாம்பரம் காசநோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று. ஆனால் அவர் மனைவி காக்கப்பட்டிருக்கக் கூடும். பின்னர் அவருக்கும் தொற்று இருப்பது தெரிந்தது. அந்த மருந்தால் அவர் இன்றும் அல்ஹம்துலில்லாஹ் நலமாக இருக்கிறார்.

எங்கள் ஊரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையில் இருக்கிறது வேப்பம்பட்டு. சென்னையில் மனை வாங்க இயலாத குடும்பங்கள் பல இங்கே வந்து வீடு கட்டின. விடியற்காலை மின்சார ரயிலில் ஆண்கள் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போகிறார்கள். சிலர் கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். சிலர் லாரியேறி ஆந்திரம், வங்கம் என்று போகிறார்கள். அங்கே ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மனைவி மக்களைப் பிரிந்து வந்தோர் ஓர் அறையில் பத்துப் பேராக உறங்குகிறார்கள். இவர்களிடையே ஒழுக்கத்தைப் போதிக்கலாம், போதிக்கவும் வேண்டும். நோயோ அப்போதனை பலிக்கும் நாள்வரை பொறுத்திருப்பதில்லை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். பாவத்திலும் வரம்பு மீறுதலிலும் ஒருவர்க்கொருவர் உதவலாகாது என்று அல்மாயிதா அத்தியாயத்தில் இறைவன் தடுத்திருக்கிறான். பெரியவரின் வாதம் இதன்மேல் நிற்கிறது. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு நிகழ்ச்சியையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். கிராமத்து அரபி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியின் ஒரு மூலையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினார். தோழர்கள் அதட்டிக்கொண்டு பாய்ந்தனர். அண்ணல் நபி (ஸல்) அவர்களோ, அவரை இடைமறிக்க வேண்டாமெனத் தடுத்து, அவர் முடித்தபின் ஒரு வாளித் தண்ணீரை அவ்விடத்தில் ஊற்றச் செய்தார்கள். அவரை மென்மையாக அழைத்து உபதேசித்தார்கள். இதற்கு விரிவுரை எழுதிய நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், இரு தீங்குகளில் பெரியதைத் தடுக்கச் சிறியதைப் பொறுத்துக்கொள்ளும் விதி இதிலிருந்து பெறப்படுவதாகக் கூறுகிறார்கள். பாதியில் விரட்டியிருந்தால் அவருக்கும் உடல் நலக்கேடு. அசுத்தமும் ஓரிடத்தில் நில்லாது பள்ளியெங்கும் பரவியிருக்கும். பள்ளிக்குள் சிறுநீர் கழித்தல் கூடுமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள் என்று இதைக் கொண்டு எவரேனும் வாதிடுவரோ?

இப்னு தைமிய்யா அவர்களோடு நம் உலமாக்களுக்குப் பல இடங்களில் கருத்து மாறுபாடு உண்டு. எனினும் அவர்களுடைய மாணவர் இப்னுல் கையிம் எழுதி வைத்த செய்தி ஒன்று ஈண்டுப் பொருந்தும். தாத்தாரியர் கூட்டமொன்று குடித்துக் கிடந்ததைக் கண்ட நண்பர் கண்டிக்க முற்பட்டபோது இப்னு தைமிய்யா தடுத்துவிட்டார்கள். மது விலக்கப்பட்டது அது தொழுகையை மறக்கடிப்பதால். இவர்களையோ அது கொலையையும் கொள்ளையையும் விட்டுத் தடுத்து வைத்திருக்கிறது என்பது அவர்கள் கண்ட நியாயம்.

லாரி நிறுத்தத்தில் கொடுக்கப்படும் ஆணுறை விபசாரத்தை உண்டாக்கவில்லை. அது முன்னமே அங்கிருக்கிறது. ஆணுறை விலக்குவது நோயை மட்டுமே. ஊசியின் நிலையும் இதுதான். மணிப்பூரில் ஹெராயினை ஊசியால் ஏற்றிக்கொண்டோர் ஒரே ஊசியைப் பலராய்ப் பகிர்ந்ததால் எச்.ஐ.வி. காட்டுத்தீயாகப் பரவிற்று. இம்பாலில் அப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களே ‘சாசோ’ என்னும் சங்கத்தை அமைத்துத் தொண்டாற்றினர். தூய ஊசியைக் கொடுத்துப் பழைய ஊசியைத் திரும்பப் பெறும் முறை அம்மாநிலத்தில் அமைந்தது. மலேசிய அரசும் 2005, 2006ஆம் ஆண்டுகளில் மெதடோன் மருந்தையும் ஊசி மாற்றுத் திட்டத்தையும் ஏற்றது. கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே, போதையிலிருந்து மீள விரும்புவோர்க்கு அம்மருந்து வழங்கப்பட்டது. நம் பள்ளிவாசல் வாயிலில் ஆணுறை வழங்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. பள்ளியின் கண்ணியம் வேறு. விபசாரம் ஹராம் என்று மிம்பரில் சொல்வதை நிறுத்தப் போவதுமில்லை. லாரி நிறுத்தத்தில் ஒருவர் செய்யும் உயிர்காக்கும் பணியை மிம்பரிலிருந்து பழிக்கும் உரிமை எமக்கில்லை என்கிறோம், அவ்வளவே.

மற்றொன்றும் உறுத்துகிறது. நம் சமுதாயம் இந்நோயாளர்பால் இரங்கும்போதும் பாதியளவே இரங்குகிறது. ‘ஒன்றுமறியாத மனைவி, பச்சைப் பிள்ளை’ என்று அவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறோம். கணவனைக் கைகழுவி விடுகிறோம். கஞ்சிக்கும் மருந்துக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்பது எந்த மார்க்கம்? மீண்டும் மீண்டும் குடித்துத் தண்டனை பெற்ற தோழர் ஒருவரைச் சிலர் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று சொல்லிச் சபிப்பதைத் தடுத்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். தண்டனை நிறைவேறியது, சகோதரத்துவம் அறுபடவில்லை. 1986இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா அவர்களும் இந்நாட்டில் முதன்முதலாக இத்தொற்றைக் கண்டறிந்தது விலைமகளிரிடத்தில்தான். அப்பெண்களும் யாரோ ஒருவருடைய வறுமையின் மக்களே. அவர்களிடம் சென்ற ஆண்களை நாடு அன்று தேடவில்லை.

இவையனைத்தையும் பெரியவரிடம் சொன்னோம். மருமகன் அப்பணிக்குப் போகட்டும், நிய்யத்தைச் சரியாக வைத்துக்கொள்ளட்டும் என்றோம். மையித்துக் குளிப்பாட்டும் சாமான்களோடு கையுறைகளும் இப்போது எங்கள் பள்ளியின் பெட்டியில் இருப்பதையும் காட்டினோம்.

அவர் எழுந்திருக்கவில்லை. சற்றுப் பொறுத்து, “ஒரு டிரைவருக்கு இது இருக்குன்னு தெரிஞ்சா, வண்டியை விட்டு இறக்கிடலாமா ஹஜ்ரத்?” என்றார். தொட்டாலோ, ஒரே தட்டில் உண்டாலோ இது தொற்றாது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்கு அடங்கியிருப்பவரிடமிருந்து மனைவிக்குங்கூடத் தொற்றுவதில்லை. நோயைக் காரணங்காட்டி வேலையை விட்டு நீக்குவதை, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமும் தடுக்கிறது என்றோம்.

திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவர் மனத்தில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. நாம் கேட்கவில்லை.