யாருடைய விருந்தினர்?

பாடசாலை விடுமுறை தொடங்கி, கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பாதையில் வான்கள் நிறையத் தொடங்கும் நாட்களில், எங்கள் மலைப்பக்கத்துச் சிறு சபைகளுக்கு விருந்தினர் வருவது வழக்கம். கொழும்பிலிருந்து வருகிறார்கள், தமிழ்நாட்டிலிருந்து வருகிறார்கள், தமிழர் குடியேறி வாழும் தூர தேசங்களிலிருந்தும் வருகிறார்கள். ஊழியப் பயணம் என்று அதைச் சொல்லுகிறார்கள். ஆராதனையில் எங்களோடு அமர்ந்து, பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் கற்றுக்கொடுத்து, கொப்பிகளும் கம்பளிகளும் பங்கிட்டு, எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் எல்லாருமாக நின்று படம் எடுத்துக்கொண்டு, பனி இறங்குமுன் நுவரெலியாவிலோ அட்டனிலோ உள்ள விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகம் கிடையாது. தத்தம் வேலையை விட்டு, கைப்பணத்தைச் செலவிட்டு, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் தலைசுற்றலையும் பொறுத்துக்கொண்டு வருகிறவர்களை நன்றியோடு வரவேற்பதே தருமம். ஆயினும், இத்தகைய வருகைகளைச் சிறு வயது முதல் கண்டு வந்த எனக்கு ஒரு கேள்வி மட்டும் தீராமலே இருந்து வருகிறது: வருகிறவர்கள் யாருடைய விருந்தினர்?

சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்வி எங்கள் சபைகளின் பிறப்பிலேயே அடங்கிக் கிடக்கிறது. தேயிலைக்கு முன்னர் இந்த மலைகளில் கோப்பி விளைந்தது. தென்னிந்தியக் கரையில் தோணியேறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, தண்ணீரற்ற காட்டுவழியே மாத்தளை வரைக்கும் கால்நடையாக வந்து, வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் உற்றாரைப் பலிகொடுத்து, எஞ்சியவர்களாக இம்மலைகளை அடைந்த எம் முன்னோருக்கென்று 1854ஆம் ஆண்டில், தோட்டத் துரைமார் சிலருடைய முயற்சியாலும் பொருளுதவியாலும், சர்ச் மிஷனரி சங்கத்தின் மேற்பார்வையில், கண்டியை நிலையமாகக் கொண்டு ஒரு மிஷன் ஏற்பட்டது. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதன் ஆரம்பப் பொறுப்பாளராக வந்த செப்டிமஸ் ஹாப்ஸ் என்ற குருவானவர் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்து தமிழ் பயின்றவர். அவரைவிட முக்கியமானவர்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து புறப்பட்டு வந்த உபதேசியார்கள்.

அந்த உபதேசியார்களை நான் மிகுந்த பக்தியோடு நினைப்பதுண்டு. பனங்காட்டு வெயிலில் பிறந்து வளர்ந்த ஒருவர், குளிருக்குப் போதிய ஆடையில்லாமல், அட்டை கடிக்கும் ஒற்றையடிப் பாதைகளில் தோட்டத்துக்குத் தோட்டம் நடந்து, மாலையில் வேலை விட்டு வந்த ஜனங்களை லயத்து வாசலில் கூட்டி, தமிழில் வேதம் வாசித்து, பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார் என்றால், கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அவர் அந்நியராகத் தோன்றியிருக்க மாட்டார். அவர் பேசிய பேச்சு அவர்கள் பேச்சு. அவர் விட்டு வந்த ஊரின் பஞ்சம் அவர்கள் விட்டு வந்த ஊரின் பஞ்சம். ஆனால், துரையின் அனுமதியின்றி அவர் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது என்பதையும், அவருடைய சம்பளம் துரைமாரின் நன்கொடையிலிருந்து வந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கோப்பிக் காலத்தில் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பது சாதாரணம். அப்படி நின்ற ஒரு தோட்டத்தில், கூலிக்காரனுடைய கூலியைப் பிடித்துவைப்பது பாவம் என்று கூறும் வேத வாக்கியத்தை அந்த உபதேசியார் உரத்த குரலில் வாசித்திருப்பாரா என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். லயத்து ஜனங்கள் அவருடைய உறவினர். ஆனால் அவர் துரையின் விருந்தினர். இரண்டுக்கும் நடுவில் நின்ற அந்த மனிதர் அநுபவித்த சங்கடம் அவரோடு போய்விடவில்லை. இன்றைக்கும் தோட்டத்துக்குள் வர விரும்பும் குழுவினர் பலர் முதலில் பேசுவது தோட்ட நிர்வாகத்தோடு, அப்புறம் குருவானவரோடு. எந்த வீட்டுக்கு வருகிறார்களோ அந்த வீட்டாரோடு பேசுவது கடைசியில்தான்.

டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி ஆலயத்துக்கு வருகிற விருந்தினரெல்லாம் தவறாமல் போகிறார்கள். 1878இல் துரைமாருக்காக எழுந்த ஆலயம் அது. வளவில் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. அழகு மிக்க இடந்தான். எங்கள் தோட்டத்து ஜெபவீட்டுக்கோ தகரக் கூரை. பலத்த மழையில் பிரசங்கம் கேட்காது. மழை விடும்வரைக்கும் பாடிக்கொண்டிருப்போம்.

இயேசு தம்முடைய சீடர் எழுபதுபேரை ஊர்களுக்கு அனுப்பியபோது கொடுத்த கட்டளையை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். பணப்பையும் சாமான் பையும் எடுத்துச் செல்ல வேண்டாம், நுழைந்த வீட்டிலேயே தங்குங்கள், வைத்ததைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள் என்பது அதன் சாரம். கொடுக்கப் போகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பியதில் மிக ஆழ்ந்த நோக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பசியோடு ஒரு வாசலில் நிற்கிறவன் அந்த வீட்டாரைத் தனக்குக் கீழ்ப்பட்டவராக நினைக்க முடியாது; அந்த வீட்டாரும் தம்மை ஒன்றுமில்லாதவராக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்து, இல்வாழ்வின் பயனை அதில் வைத்தார் என்றால், ஒருவனிடமிருந்து அந்தப் பாக்கியத்தைப் பறிப்பது அவனுடைய இல்லறத்தின் அந்தஸ்தையே பறிப்பதாகும்.

எங்கள் மக்களிடமிருந்து அது பறிபோவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒருமுறை வான் சத்தம் வளைவில் கேட்டதும், யாரும் சொல்லாமலே, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிறியவர் முன்னும் பெரியவர் பின்னுமாக வரிசை கட்டி நின்றார்கள். அதே நாளில், கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டியம்மா கடையில் கடன் சொல்லிப் பால்மா வாங்கி, ஆசிரியர் வீட்டிலிருந்து கோப்பைகள் இரவல் வாங்கி, தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். வந்தவர்கள் தண்ணீருக்குப் பயந்தோ என்னவோ, மிகவும் பணிவாக, வேண்டாம் என்று சொல்லித் தாம் கொண்டுவந்த போத்தல் தண்ணீரையே குடித்தார்கள். பாட்டியம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று பங்கிடப்பட்ட கம்பளிகளின் விலை அதிகம். அந்தத் தட்டில் ஆறிப்போனதன் விலை அதைவிட அதிகம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெறுவதோடு நில்லாமல் கொடுக்கவும் எழுவதில் தமிழ்ச் சபைகளுக்கே ஓர் உயர்ந்த பரம்பரை உண்டு. 1900இல் யாழ்ப்பாணத்து மாணவர்கள் ஒரு சங்கம் கூட்டி, தங்கள் காசில், பாக்கு நீரிணைக்கு அப்பால் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் வந்து கொடுப்பதையே கண்டிருந்த ஒரு ஜனம் தானும் கொடுக்க எழுந்த சந்தர்ப்பம் அது. 1902இல் யாழ்ப்பாணம் போன, திருநெல்வேலிச் சபையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதைக் கண்டு உள்ளம் குத்துண்டவராய்த் திரும்பினார். மறு வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதன் ஊழியர்கள் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குச் சென்றார்கள். அதே 1903இல் நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கு பாப்திஸ்து சபையார் ஜான் ரங்கையாவை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, அங்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த தம் ஜனங்களிடம் அனுப்பினார்கள். 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் அசரியா பேசியபோது, அந்நிய மிஷனரிமாரின் தியாகத்தையெல்லாம் புகழ்ந்துவிட்டு, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். பெற்றுக்கொண்டே இருந்த சபையிலிருந்து வந்து, அனுப்பும் சபையையும் கட்டியெழுப்பிய ஒருவர் கேட்டபடியால்தான் அந்த வேண்டுகோளுக்கு அவ்வளவு பலம்.

அந்த நேட்டாலிலிருந்தே ஒரு சிறு கூட்டம் எங்களிடம் வந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறையைச் சேர்ந்தது முதல் 1911 வரைக்கும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இந்தியாவிலிருந்து அங்கே போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இவர்கள். தமிழ் அவர்களுக்குச் சில சொற்களாகவும் சில பாடல்களாகவும் மட்டுமே மிஞ்சியிருந்தது. மற்றக் குழுக்களைப் போலவே இவர்களும் பைகளோடு வந்தார்கள். மாலையில் திரும்பவும் எண்ணியிருந்தார்கள். ஆனால் பிற்பகல் மழையில் பாதையோரத்து மண்மேடு சரிந்து, வான் போக வழியில்லாமல், இரவு லயத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. பைகள் சரிவுக்கு அப்பால் நின்ற வானுக்குள் கிடந்தன.

அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் அந்தப் பாட்டியம்மா வீட்டில் தங்கினார். பேச்சுக்குத் துணையாக நானும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் காம்பராவைச் சுற்றிப் பார்த்து, புகை ஏறிய சுவரைத் தொட்டுப் பார்த்து, தம்முடைய தாத்தாவும் இப்படிப்பட்ட ஒரு வரிசை வீட்டில்தான் பிறந்தார் என்று சொன்னார். “அங்கேயும் கங்காணி இருந்தானாமா?” என்று பாட்டியம்மா கேட்டார். இருந்தான், சர்தார் என்று அவனை அழைத்தார்கள் என்று பதில் வந்தது. “அடிப்பானா?” அடிப்பான். பாட்டியம்மா தலையசைத்துக்கொண்டு, மாவுச் சட்டியை அந்த அம்மாள் பக்கம் தள்ளி வைத்தார். தேங்காய்ப்பூ போட்டுத் தடிப்பாகத் தட்டும் எங்கள் ரொட்டிக்கு எதிராக அவர் வெகு மெல்லியதாய், வட்டம் பிசகாமல் இட்டுக் காட்டினார். பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சாப்பிட்டார்கள். சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் அந்த அம்மாள் தம் கணவர் சென்ற வருஷம் இறந்துபோன செய்தியைச் சொன்னார். பாட்டியம்மா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் தலையில் கைவைத்து, நெடுநேரம் ஜெபித்தார். தமிழில் சொன்ன அந்த ஜெபத்தை ஆங்கிலத்தில் சொல்ல நான் முற்படவில்லை; அந்த அம்மாளும் கேட்கவில்லை. மறுநாள் பாதை திறந்து பைகள் வந்தபோது அவற்றையும் பங்கிட்டார்கள். ஆனால் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

ஒரு வருகை எதனால் ஐக்கியமாகிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. அந்த இரவு அவர்கள் நிர்வாகத்தின் விருந்தினரோ குருவானவரின் விருந்தினரோ அல்லர், பாட்டியம்மாவின் விருந்தினர். அதற்கு மண்சரிவு வேண்டியதில்லை. முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி, எந்த நாள் வசதி, எத்தனை பேரைத் தங்கவைக்க முடியும், நாங்கள் எந்த வேலையில் கைகொடுக்கலாம் என்று லயத்துச் சபையாரையே கேட்டால் போதும். கொழுந்து மிகுதியாகி எல்லாருக்கும் ஞாயிறும் வேலையாயிருக்கும் பருவத்தில் வந்து, ஆலயத்தில் கூட்டம் குறைவு என்று வருந்திப் போகும் நிலை அப்போது நேராது.

அடுத்த கேள்வி எங்களைப் பற்றியது. நாங்கள் யார் வீட்டுக்கு விருந்தினராகப் போயிருக்கிறோம்? 2023இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, திருச்சபைகளும் சமூக அமைப்புகளும் கூடி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் வந்த வழியே நடந்தார்கள். வழியூர்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களை எதிர்கொண்டு உபசரித்தார்கள். 1948இல் குடியுரிமையை இழந்த ஒரு ஜனம், தன் வருகையின் இருநூறாவது வருஷத்தில், இந்நாட்டின் ஊர்களில் விருந்தினராக நடந்து சென்றது பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன்.

இன்னும் போக வேண்டிய ஒரு வாசல் இருக்கிறது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில், இங்கே விட்டுப்போன அதே லயங்களைப் போன்ற லயங்களில் குடியமர்ந்தார்கள். பாட்டியம்மாவின் தங்கை அவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறிய பிறகு அக்காளும் தங்கையும் சந்திக்கவே இல்லை. எங்கள் சபையார் ஒரு குழுவாக அங்கே போய்வர வேண்டுமென்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. கொண்டுபோவது என்ன என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. பங்கிடுவதற்கென்று எதுவும் கொண்டுபோவதில்லை, ஆலய மண்டபத்தில் படுப்பதில்லை, யார் வீட்டில் இடம் தருகிறார்களோ அங்கேதான் தங்குவது என்று பெண்கள் சங்கத்தார் சொன்னதே கடைசியில் நிலைத்தது. அங்கிருந்தும் பதில் வந்துவிட்டது. எந்த வீட்டில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறார்கள். பாட்டியம்மாவின் பெயர் பிறப்புப் பதிவில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பதால் கடவுச்சீட்டு இன்னும் கிடைக்கவில்லை. வரும் புதன்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அலுவலகத்துக்குப் போகிறேன்.