செய்தி கேட்போரின் கடமை

பனீ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்டவர் பாதி வழியிலேயே அஞ்சித் திரும்பினார். அவர்கள் ஜகாத்தை மறுத்துத் தம்மைக் கொல்லத் துணிந்ததாகப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் சொன்னார். போர் மூளும் நிலை. செய்தியோ பொய். ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-வது வசனம் இதையொட்டி அருளப்பட்டதாக விரிவுரையாளர்கள் எழுதுவர். விசாரித்தறியும் கடமை அங்கே கேட்பவர் மீதே சுமத்தப்படுகிறது. நாம் இதைக் கவனிப்பதில்லை.

2006 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, பராஅத் நாள். மராட்டிய மாநிலம் மாலேகானில், ஜும்ஆ முடிந்த வேளையில் பள்ளிவாசலை ஒட்டிய கபரஸ்தானில் குண்டுகள் வெடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் முஸ்லிம்கள். பிடிபட்ட ஒன்பது பேரும் முஸ்லிம்களே! பிடிபட்டார் என்பது செய்தி. செய்தார் என்பது தீர்ப்பு. போலீஸ் தரப்பு சொன்னதையே தீர்ப்பாக்கிய பத்திரிகைகள் உண்டு. 2011 நவம்பரில்தான் ஜாமீன் கிடைத்தது. 2016 ஏப்ரலில் மும்பை தனி நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்தே விடுவித்தது. ஒருவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். கைதுச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் விடுதலைச் செய்தியைப் படித்திருப்பர்?

பத்திரிகைகளை ஏசுவது எளிது. கம்மாபுரத்துத் தேநீர்க் கடையில் தினசரியை விரித்துப் படிப்பவரும், வீட்டில் கைபேசியைப் பார்த்திருப்பவரும் கேட்போர்தாமே? அதே வழக்கில் 2013-இல் இந்துக்கள் சிலர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. விசாரணை தொடங்குமுன்பே ‘இவர்கள்தாம் செய்தார்கள்’ என்று நம்மவர் சிலரும் தீர்ப்பெழுதினார்களே, அந்த வசனம் அவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறதா?