குழந்தை வைத்தியரின் கடன்

ஒப்பந்தப் பணத்தைத் திருப்பிச் செலுத்திவிட்டால் ஒரு வைத்தியரின் கடன் தீர்ந்துவிடுமா? பட்டப்பின் பயிற்சிக்காகக் கடல் கடந்து, மீளாது தங்கிவிடும் குழந்தை வைத்தியரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ரூபாய்க் கணக்கோடு நின்றுவிடுகின்றோம்.

நிபுணராக விரும்பிய நம் வைத்தியர்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பரீட்சைகளையே நாடினர். 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அமைந்தபின் பரீட்சையும் பட்டமும் இங்கேயே நிலைபெற்றன. ஆயினும், பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் வெளிநாட்டு வைத்தியசாலையொன்றிற் பணியாற்றி வரும் ஏற்பாடு தொடர்ந்தது. ஒப்பந்தமும் பிணையும் இதற்காகவே.

ஆனால், அவர் உண்மையிற் கற்றது எங்கே? பொரளைச் சிறுவர் வைத்தியசாலை போன்ற அரசாங்க விடுதிகளிலே. நோவு எங்கே என்று கைக்குழந்தை சொல்லாது. குழிந்த உச்சியைத் தடவி உடலில் நீர் வற்றியதை அறியவேண்டும், மூச்சை எண்ணவேண்டும். இரண்டு மாதம் கடந்து ஒரு வயது நிரம்பாத குழந்தை நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் நிமோனியாவோ என ஐயுறவேண்டும். நூலிழை போன்ற நரம்பைத் தேடி ஊசி ஏற்றப் பழகவேண்டும். முதற் குத்திலே நரம்பு அகப்படாதபோது அழுவது யாருடைய பிள்ளை? வசதியுள்ளோர் பணங்கொடுத்து நேரே நிபுணரிடம் போய்விடுவர். பழகும் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் தோட்டத் தொழிலாளியின், மீனவனின், கூலிக்காரனின் பிள்ளையே. அப்பிள்ளையிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. தாய் நம்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

இதனாற் போனவர்மீது கல்லெறிய நாம் முற்படவில்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி மருந்துகள் அருகியபோது, நோயை அறிந்தும் மருந்தின்றி நிற்பதன் வேதனையை அவர்கள் அனுபவித்தனர். பலர் வெளியேறினர். வைத்தியசாலையை வெறுமையாக்கிவிட்டு வைத்தியனுக்குக் கடமையை உபதேசிக்கும் அரசாங்கத்துக்கு அந்த யோக்கியதை உண்டா என்பது நியாயமான கேள்வியே. ஆயினும், அரசாங்கத்தின் குற்றம் குழந்தையின் உரிமையை அழித்துவிடாது. கடன் கொடுத்தவள் விடுதி வாயிலில் நின்ற அந்தத் தாயல்லவா?

பயிற்சி பெற்ற வைத்தியரைச் செலவின்றிப் பெற்றுக்கொள்ளும் செல்வ நாடுகளைப் பற்றி நாம் ஏனோ பேசுவதில்லை. பிணைப் பணம் திறைசேரிக்குப் போய்ச் சேரலாம். முல்லைத்தீவிலோ மொனராகலையிலோ குழந்தை நிபுணரின் கதிரை வெறுமையாயிருந்தால், அப்பணம் அங்கே மூச்சை எண்ணப்போவதில்லை.